கண் தராத நாகம்

இன்றைக்கு நாம் பார்க்கும் மலைகளுக்கெல்லாம் பெயர் வைப்பதற்கு முன்னால், நேர்விழி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு மக்கள் நல்லவர்கள். ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

அங்கே இரண்டு பேர் சந்தித்தால் கும்பிட மாட்டார்கள். முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரத்தில் வந்து நின்று, கண்களை அகல விரித்துக்கொள்வார்கள். ஒருவர் "கண் கண்டேன்" என்பார். மற்றவர் "கண் தந்தேன்" என்பார். அப்புறம்தான் பேச்சே தொடங்கும். மாமியாரும் மருமகளும் அப்படித்தான், சண்டைக்காரர்களும் அப்படித்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட அதே மரியாதைதான். கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறவனுக்கு அந்த நாட்டில் ஒரே பெயர்தான் உண்டு. கள்ளன்!

அந்த நாட்டின் கரட்டுமலையில் ஒரு வகை நாகம் இருந்தது. மக்கள் அதற்கும் குனிந்து, கண்ணை விரித்து, "கண் கண்டேன்" என்றார்கள். அது அவர்கள் முகத்தில் எதையோ பீச்சி அடித்தது. "சீ, மரியாதை தெரியாத பிராணி!" என்று அதற்குக் காறித்துப்பி என்று பெயர் வைத்தார்கள்.

இந்த நாட்டில்தான் சிட்டாள் இருந்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று வீடு வீடாகத் தண்ணீர் சுமந்து கொடுப்பவள். அவளுக்கு உறவென்று ஒரே ஒரு அண்ணன், கொம்பையன். அவனுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. தெருவில் அவன் சாய்ந்து சாய்ந்து வரும்போதே, "ஏ சிட்டு, சோறு ஆறிடுச்சா, நான் ஆறிட்டேனான்னு பாரு" என்று கத்திக்கொண்டே வருவான். அவன் வந்தால் வீடு நிறைந்துவிடும்.

ஒரு நாள் கரட்டுமலைக்குத் தேன் எடுக்கப் போனவன் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலையில் ஆடு மேய்க்கும் வீரணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். முதலில் ஒரு சாண் தூரத்தில் நின்று, "கண் கண்டேன்" என்றார். என்ன அவசரமானாலும் அதை விட முடியாதே!

"கண் தந்தேன். சொல்லுங்க மாமா!"

"சிட்டாளு, உங்க அண்ணன் நாற்காலி ஆயிட்டான்."

"என்னது?"

"மலை உச்சியிலே புதுசா ஒரு மந்திரவாதி வந்து குடியிருக்கான். இமையாதான்னு பேரு. கண்ணை இமைக்கவே மாட்டானாம். நான் பாறைக்குப் பின்னாலே ஆட்டைத் தேடிட்டு நின்னேன். உங்க அண்ணன் அவன்கிட்டே போயி மரியாதையா நின்னான். என்னமோ பேசினாங்க. அடுத்த நொடி, அங்கே ஒரு நாற்காலிதான் இருந்துச்சு. அவன் வீட்டிலே இருக்கிற சாமான் அத்தனையும் மனுசங்கதானாம். அதோட விட்டானா? வர்ற அமாவாசை சாயங்காலம், வீட்டிலே வேண்டாத சாமானையெல்லாம் அடுப்பிலே வைக்கப் போறேன்னு அவனுக்கு அவனே சொல்லிக்கிட்டிருந்தான்."

சிட்டாளுக்கு ஒன்று சட்டென்று உறைத்தது. ஒரு கால் குட்டையான அண்ணன் நாற்காலி ஆனால், அந்த நாற்காலி ஆடும். ஆடுகிற நாற்காலியை எவன் வைத்துக்கொள்வான்? முதலில் அடுப்புக்குப் போவது அதுதான்!

"அமாவாசை என்னைக்கு மாமா?"

"இன்னைக்குத்தான் தாயி."

சிட்டாள் உடனே சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள். அதன்மேல் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். இரண்டிலும் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மலை ஏறினாள். தண்ணீர் இல்லாமல் எங்கேயும் போய் அவளுக்குப் பழக்கமில்லை.

பாதி மலையில் ஒரு காரைச் செடி. அதன் நிழலில் ஒரு நாகம் படுத்திருந்தது. பாதையின் நடுவில் படுத்திருக்கும் ஒருவரை மரியாதை செய்யாமல் தாண்டிப் போகலாமா? சிட்டாள் குடங்களை இறக்கி வைத்தாள். முழங்காலில் குனிந்தாள். கண்களை அகல விரித்தாள்.

நாகம் தலையைத் தூக்கியது. படத்தை விரித்தது. புஸ்ஸென்று சீறியது.

"தள்ளி நில்லு, தாழப் பாரு, என் வழியிலே நான் போறேன்!"

'பதில் வணக்கம் சொல்லுது போல' என்று நினைத்துச் சிட்டாள் இன்னும் கிட்டே போனாள்.

"கண் கண்டே..."

பீச்! இரண்டு மெல்லிய தாரைகள் பறந்து வந்தன. ஒன்று கன்னத்தில் பட்டது, மற்றொன்று வலது கண்ணில் பட்டது.

ஐயோ, அந்த எரிச்சல்! மிளகாயை அரைத்த கையால் கண்ணைத் தேய்த்ததுபோல எரிந்தது. சிட்டாள் கண்ணைக் கசக்கப் போனாள்.

"கசக்காதே!" என்று கத்தியது நாகம். "கசக்கினா உள்ளே இறங்கும். தண்ணி இருக்கில்லே? ஊத்து! கண்ணைத் திறந்து வெச்சு ஊத்து! இன்னும்! இன்னும்!"

சிட்டாள் இடுப்புக்குடத்துத் தண்ணீர் முழுவதையும் கையால் அள்ளி அள்ளி ஊற்றினாள். குடம் காலியான பிறகுதான் எரிச்சல் மட்டுப்பட்டது. கண் செக்கச் சிவந்து வீங்கியிருந்தது. ஆனால் பார்வை இருந்தது. தலைக்குடத்திலிருந்து ஒரு கை அள்ளி, கன்னத்தில் பட்டிருந்த துளியையும் கழுவினாள். அங்கே ஒரு கொப்புளம்கூட இல்லை.

நாகம் ஓடிப் போயிருக்கலாம். போகவில்லை. செடிக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"மரியாதையா வணக்கம் சொன்னா, மூஞ்சியிலே துப்புறியே! நீயெல்லாம் ஒரு பிறவியா?" என்றாள் சிட்டாள்.

"நான் துப்பலை. துப்ப எச்சில் வேணும். இது என் விஷம். என் பல்லிலே முன்பக்கம் பார்த்து ஊசி முனை அளவு ஓட்டை இருக்கு. உள்ளே இறுக்கினா, அது வழியாப் பீறிட்டு அடிக்கும். ஏழு அடி தூரம் போகும்."

"பெருமை வேற!"

"பெருமை இல்லேடி, பயம்! எலி பிடிக்கும்போது நான் கடிக்கிறேன். இப்படி அடிச்சா ஒரு எலியும் சாகாது. வீணாப் போகும். விஷம் எனக்குச் சோறு மாதிரி, தெரியுமா? சேர்த்து வைக்க எத்தனை நாள் ஆகுது! எவனாவது மேலே வந்து விழும்போது, அவன் கண்ணை மூடுற நேரத்திலே நான் தப்பிச்சு ஓடணும். அதுக்குத்தான் அடிக்கிறேன். வேற எதுக்கும் அடிக்க மாட்டேன்."

"நான் உன் மேலே விழலையே. பார்க்கத்தானே செஞ்சேன்?"

"உங்க ஊரிலே மூஞ்சியிலே துப்பினா என்ன?"

"அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது."

"எங்க ஊரிலே மூஞ்சிக்கிட்டே வந்து முறைச்சா, அதைவிடப் பெரிய அடிதடி கிடையாது! 'உன்னைக் கொல்லப் போறேன்'னு அர்த்தம். நீ அதைச் சொல்லிக்கிட்டே, கிட்டே கிட்டே வர்றே. நான் என்னடி செய்வேன்?"

சிட்டாள் யோசித்தாள். ஒரு கண் வீங்கியிருந்தாலும், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி நாகக்கா, தப்பு என் மேலேயும் இருக்கு" என்றாள். நாகக்கா என்று கூப்பிட்டதும் பாம்பின் படம் கொஞ்சம் சுருங்கியது.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மரியாதையாக நின்றான், என்னமோ பேசினார்கள், அடுத்த நொடி நாற்காலி. ஆகா! இமையாதான் 'கண் கண்டேன்' என்கிறான். எங்கள் ஊர்க்காரர் எவராவது 'கண் தந்தேன்' சொல்லாமல் இருப்பாரா? கேட்டவனிடம் கண்ணைக் கொடுக்கிறோம், அவன் எடுத்துக்கொள்கிறான்!

"நாகக்கா, எனக்காக நீ மேலே வந்து, அந்த மந்திரவாதி கண்ணிலே ஒரு தடவை அடிப்பியா?"

"மாட்டேன்" என்றது நாகம். "தேடிப் போய் அடிக்கிறது எங்க குலத்திலே இல்லை. என்னை ஏவாதே."

"சரி, ஏவலை."

"ஆனா ஒரு உதவி கேட்கட்டுமா? என் வளை உச்சியிலே, சுனைப் பக்கம் இருக்கு. பாறையெல்லாம் கொதிக்குது. வயித்தாலே ஊர்ந்து போனா வெந்துடுவேன். விடியற்காலையிலிருந்து இந்தச் செடிக்கடியிலே கிடக்கிறேன்."

"காலிக் குடம் இருக்கு, ஏறிக்கோ."

"மேலேயிருந்து எட்டிப் பார்க்க மாட்டியே?"

"சத்தியமா மாட்டேன்."

நாகம் குளிர்ந்த குடத்துக்குள் சுருண்டது. இடுப்பில் நாகம், தலையில் தண்ணீர் என்று சிட்டாள் ஏறினாள். ஒரு தடவைகூட அவள் எட்டிப் பார்க்கவில்லை.

உச்சியில் சுனைக்குப் பக்கத்தில் இமையாதானின் வீடு. வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"சிட்டு!" என்றது நாற்காலி, கிசுகிசுப்பாக. "உன் காலடிச் சத்தம்தானே அது? எனக்குக் கண்ணு இல்லைடி. போயிடு!"

"அண்ணே!" சிட்டாள் அதன் முதுகைத் தடவினாள்.

"மெதுவா, மெதுவா, அது என் கழுத்து."

அதற்குள் இமையாதான் வெளியே வந்தான். சிட்டாள் உடனே கண்ணைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் செய்யாத காரியம் அது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவனுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"வா பெண்ணே, வா! கண் கண்டேன்" என்றான் அவன், தேனொழுக.

சிட்டாள் தரையைப் பார்த்தாள்.

"என்ன இது? நேர்விழி நாட்டுப் பெண்ணா நீ? கண்ணைப் பார்க்காதவள் கள்ளி! கண் கண்டேன்!" என்றான், பல்லைக் கடித்து.

அவள் முகம் சிவந்தது. ஆனாலும் தரையைத்தான் பார்த்தாள்.

அவன் நாற்காலியைத் தூக்கி அடுப்புக்கு நேரே பிடித்தான். "ஒரே ஒரு பார்வை. உன் அண்ணனை விட்டுவிடுகிறேன். கண் கண்டேன்!"

சிட்டாளின் பார்வை மெல்ல நிமிர்ந்தது. அவன் முழங்கால் தெரிந்தது, இடுப்பு தெரிந்தது, தாடியின் நுனி தெரிந்தது...

"பார்க்காதேடி!" என்று அலறியது நாற்காலி. "அவன் விட மாட்டான்! நீ முக்காலி ஆயிட்டா நம்ம வீட்டிலே உட்கார ஆளே இருக்காது!"

சிட்டாள் படக்கென்று பின்வாங்கிக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த அசைவில் இடுப்புக்குடம் ஆடியது. உள்ளே ஏதோ உரசியது.

"குடத்தில் என்ன?" என்றான் இமையாதான்.

"நாகம். என்கூட வந்த விருந்தாளி. ஐயா, எட்டிப் பார்க்காதீங்க. அதுக்குப் பிடிக்காது."

"எனக்கு எது வேண்டும் என்று நான்தான் முடிவு செய்வேன். கிணற்றுக் கயிறு ஒன்று தேவையாக இருந்தது. நீளமா? வழவழப்பா?" நாற்காலியைப் போட்டுவிட்டு, குடத்தைப் பிடுங்கித் தரையில் வைத்தான். குடத்தின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை இறக்கினான்.

உள்ளேயிருந்து படம் எழுந்தது.

"தள்ளி நில்லு, தாழப் பாரு, என் வழியிலே நான் போறேன்."

"கண் கண்டேன்" என்றான் இமையாதான்.

"நான் தரலை. தள்ளி நில்லு, தாழப் பாரு!"

"கண் கண்டேன்!"

"நான் தரலை. தள்ளி நில்லு!"

இமைக்காத கண் ஒரு பக்கம். மறுபக்கம் இருந்தது பாம்பின் கண். அதற்கு இமையே கிடையாது. இமையாதானுக்குக் கோபம் தலைக்கேறியது. இன்னும் இறங்கினான். "கண்..."

பீச்!

இரண்டு தாரை, இரண்டு கண். இமையாதான் போட்ட கூச்சலில் சுனைத் தவளைகள் வாயை மூடிக்கொண்டன. அவன் உருண்டான், புரண்டான். நாகம் அந்த நேரத்தில் குடத்தை விட்டு இறங்கி, நிழலோடு நிழலாகத் தன் வளைக்குள் போய்விட்டது. அது கேட்டதெல்லாம் அந்த நேரத்தைத்தான்.

அவன் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வழிந்தது. அது தரையில் விழுந்ததும் சுவரில் தொங்கிய அகப்பை கீழே குதித்து, ஒரு தாத்தாவாக நிமிர்ந்து, "அப்பாடி, முதுகு!" என்றது. இரண்டாவது சொட்டு விழுந்தது. விளக்குமாறு ஒரு பூக்காரியானது. மூன்றாவது சொட்டு விழுந்தது. முறம் ஒரு சிறுமியானது.

இமையாதானுக்குப் புரிந்துவிட்டது. அவன் மாயமெல்லாம் கண்ணீர் வழியாக வெளியே போகிறது! உடனே இமைகளை இறுக மூடிக்கொண்டான்.

"திற ஐயா, கழுவணும்! இல்லேன்னா பார்வை போயிடும்" என்றாள் சிட்டாள்.

"போகட்டும்! கண் அவிந்தால் மாயமும் உள்ளேயே அடைபட்டுவிடும். ஒருத்தனையும் விட மாட்டேன். உன் அண்ணன் காலம் முழுவதும் நாற்காலிதான்!"

தாத்தா ஒரு கட்டையைத் தூக்கினார். "அடிச்சுத் திறக்க வைக்கிறேன் இவனை!"

"வேண்டாம் தாத்தா. சுனையிலேயிருந்து தண்ணி கொண்டாங்க. நிறைய வேணும்."

இப்போது நினைத்துப் பாருங்கள். கண்ணைக் கழுவ வேண்டுமானால் முகத்துக்கு முகம் கிட்டே போக வேண்டும். அவன் திறந்ததும் முதலில் பார்ப்பது அவளைத்தான். அவன் பார்த்துவிட்டால்?

சிட்டாள் தலையிலிருந்து குடத்தை இறக்கினாள். சும்மாட்டைப் பிரித்தாள். அந்தத் துணியால் தன் கண்களை இறுகக் கட்டிக்கொண்டாள். தடவித் தடவி அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"தேய்க்காதீங்க. கையை எடுங்க. நெத்தியை நான் பிடிச்சுக்கிறேன்."

"எரியுதே! எரியுதே!"

"எரியும். காலையிலே எனக்கும் எரிஞ்சுது. இந்தா, ஒரு கை தண்ணி. இமையை மட்டும் விடுங்க. இன்னும் ஒரு கை."

இமையாதானின் முகத்தை யாரும் இப்படித் தொட்டதில்லை. பிடிவாதமாகத்தான் இருந்தான். ஆனால் குளிர்ந்த தண்ணீர் விழ விழ, இமைகள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. மெல்லத் திறந்தன. கண்ணீரும் தண்ணீருமாக வழிந்தது. கூடை ஒரு வண்ணாரானது. உலக்கை ஒரு மல்யுத்த வீரனானது. ஆட்டுக்கல் மெல்லச் சுழன்று எழுந்து, "எத்தனை மாவு! எத்தனை மாவு!" என்று புலம்பியது. பார்த்தால், இரண்டு மாதமாகக் காணாமல் போயிருந்த மகாராணி!

மூன்று குடம் தண்ணீர் ஊற்றியாயிற்று. எரிச்சல் அடங்கியது. கண்ணீரும் நின்றது. வீட்டில் ஒரு பொருள்கூட மிச்சமில்லை, ஒன்றைத் தவிர. அடுப்புக்குப் பக்கத்தில் ஆடுகிற நாற்காலி அப்படியே நின்றது.

"அண்ணே?" என்றாள் சிட்டாள், கட்டிய கண்ணோடு.

"இங்கேதான்டி இருக்கேன்" என்றது நாற்காலி. "எனக்கு மட்டும் தண்ணி பத்தலை போல."

இமையாதான் எழுந்து உட்கார்ந்தான். பார்வை திரும்பியிருந்தது. ஒரு சாண் தூரத்தில் சிட்டாளின் முகம். கண் கட்டியிருந்தது. துணிக்கு வெளியே ஒரு பக்கம் வீக்கம் தெரிந்தது. பழக்க தோஷத்தில், "கண் கண்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

"நான் உன்னைப் பானை ஆக்கியிருப்பேன். தெரியுமா?" என்றான்.

"தெரியும். அதான் கட்டியிருக்கேன்."

"தெரிந்தும் ஏன் கழுவினாய்? அண்ணனுக்காகவா?"

"அண்ணனுக்காகவும்தான். ஆனா நீங்க எரியுதுன்னு கத்தினீங்களே. அப்புறம் எப்படிச் சும்மா இருக்கிறது? இப்போ நல்லாத் தெரியுதா? மங்கலா ஒண்ணும் இல்லையே?"

இமையாதான் அந்த வீக்கத்தையே பார்த்தான். இந்தத் தடவை கண்ணில் விஷம் இல்லை, எரிச்சல் இல்லை. ஆனாலும் ஒரு சொட்டு திரண்டது, நின்றது, விழுந்தது.

நாற்காலி பெருமூச்சு விட்டது. அடுத்த நொடி, குட்டைக் காலைத் தேய்த்துக்கொண்டே கொம்பையன் உட்கார்ந்திருந்தான்.

"ஏ சிட்டு, பசிக்குது!"

சிட்டாள் கண்கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாயம் தீர்ந்த இமையாதான், பக்கத்தில் நின்று, பிறந்ததிலிருந்து இமைக்காத கணக்கையெல்லாம் சேர்த்து இமை கொட்டிக்கொண்டே இருந்தான்.

மகாராணி மாவு அப்பிய கையோடு முன்னால் வந்து, "என்ன வேண்டும், கேள் பெண்ணே. என் கண்ணைப் பார்த்துக் கேள்" என்றாள்.

"தரையைப் பார்த்தே கேட்கிறேன், அம்மா. நம்ம நாட்டிலே இனிமே யாரையும் அவங்களுக்குப் பிடிக்காத நேரத்திலே கண்ணைக் கொடுக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. கண்ணைத் தாழ்த்தினவங்களைக் கள்ளன்னு சொல்லக் கூடாது."

இரண்டு மாதம் ஒரு மந்திரவாதிக்கு மாவாட்டிய மகாராணிக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே அது சட்டமானது. சுனைத் தண்ணீருக்கு ஊர்வரை கால்வாயும் வெட்டித் தந்தாள். சுமந்து சுமந்து தேய்ந்த சிட்டாளின் இடுப்புக்கு அதுதான் பரிசு. கால்வாய்க்குக் காவல் இமையாதான். எவர் கண்ணில் தூசி விழுந்தாலும் தண்ணீரோடு ஓடி வருவது இப்போது அவன்தான்.

புறப்படும்போது கொம்பையன் சொன்னான்: "அந்தப் பாம்புக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வரேன்." விறுவிறுவென்று வளைக்குப் போனான். குனிந்தான். கண்களை அகல விரித்தான்.

உள்ளேயிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம்.

சிட்டாள் பாய்ந்து போய் அவன் காதைப் பிடித்து இழுத்தாள். ஏழடிக்கு அப்பால் நிறுத்தினாள். அண்ணனும் தங்கையும் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். வளையிலிருந்து நாகம் மெதுவாக வெளியே வந்தது. படம் விரிக்கவில்லை. இரண்டு பேரையும் கடந்து, கால்விரல்களுக்கு முன்னால் வழவழவென்று ஊர்ந்து, தண்ணீர் குடிக்கப் போனது.

"எவ்வளவு அழகாப் போகுது!" என்றான் கொம்பையன், மூச்சுக்கூட விடாமல்.

அன்றிலிருந்து நேர்விழி நாட்டில் அந்த நாகத்தைக் காறித்துப்பி என்று யாரும் சொல்வதில்லை. விலகச்சொல்லி என்றுதான் சொல்கிறார்கள். அது சொல்கிறது, அவர்கள் விலகுகிறார்கள், அது தன் வழியில் போகிறது. அவர்களும் நலம், அதுவும் நலம், கேட்ட நீங்களும் நலமாயிருங்கள்.